ரிவர்ஸில் வந்த தீவு

நாகிசே நகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது மூன்று பக்கம் மலையாலும் ஒரு பக்கம் ஒகுமி ஏரியாலும் அடைபட்ட ஊர் என்பதையும், அதனால் அங்கே யாராவது கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் சட்டென்று போவதற்கு ஏரியைத் தவிர வேறு திசை கிடையாது என்பதையும்தான். ஜப்பானின் நடு மலைகளுக்குள் எங்கோ ஒரு காலத்தில் ஒரு மலை வயிறு வெடித்துச் செத்து, அந்தப் பள்ளத்தில் மழை பெய்து பெய்து ஏரியாகி, ஏரியைப் பார்த்து மீன் வந்து, மீனைப் பார்த்து மனிதர்கள் வந்து, மனிதர்களைப் பார்த்து வரி வசூலிக்க ஒரு பிரபு வந்தார். அவர் பெயர் மொரிகாகே. கரையில் கோட்டை கட்டியவர் அவர்தான். அந்தக் கோட்டை ஒருமுறை எதிரிகளாலும் ஒருமுறை இடியாலும் ஒருமுறை சமையல்காரனாலும் எரிந்துபோய், இப்போது காங்கிரீட்டில், லிஃப்ட் வசதியோடு நிற்கிறது. நான்காவது மாடியில் பிரபுவின் கவசத்தைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவ்வளவு குள்ளமா?"

எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டபோது, "சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள்" என்று சொல்லியனுப்பிவிட்டு, பிரபு ஏரி நடுவே இருந்த உஷிஜிமா தீவுக்குப் படகில் போய்ப் பதினேழு நாள் சாப்பிட்டாராம். எதிரிகள் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை நாகிசேக்காரர்கள் பதினேழு நாள் போர் என்று சொல்லி வருஷாவருஷம் இலையுதிர் காலத்தில் ஊர்வலம் விடுகிறார்கள். ஊர்வலத்தில் எல்லோரும் கையில் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு நடப்பார்கள்.

உஷி என்றால் மாடு. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, படுத்து அசைபோடும் மாடு மாதிரி இருக்கும் தீவு அது. நாகிசே பக்கம் அதன் முகம். கொம்புக்கு இரண்டு பாறை, காதுக்கு ஒரு வளைந்த பைன் மரம். நூறு வருஷமாக நாகிசேயின் எல்லா வாழ்த்து அட்டைகளிலும், பன் பாக்கெட்டுகளிலும், சாக்கடை மூடிகளிலும் அந்த மாட்டு முகம்தான். தீவில் ஒரு சிறிய கோயில், நீர்க்காகங்கள், அப்புறம் ஃபுசாயோ.

ஃபுசாயோ அங்கே போனதற்குக் காரணம் மீன் சாறு. அவளும் புருஷன் யாசுஜியும் ஏரிக்கரையில், வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். வகாசாகி என்று விரல்நீள மீன் ஒன்று அந்த ஏரியில் உண்டு. அதன் தலைகளையும் கடல்பாசியையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் போட்டு, மூன்று குளிர்காலம் முழுக்கக் கொதிக்கவைத்துக் கொட்டி, மறுபடி கொதிக்கவைத்துக் கொட்டி, கடைசியில் அவள் ஒரு சாறு கண்டுபிடித்தாள். அது மலைக்கு அந்தப் பக்கம்வரை பேசப்பட்டு, நகரத்தின் சிறப்பு உணவாக நகராட்சி அதை அறிவித்து விருந்து வைத்தது. மைக்கைப் பிடித்த யாசுஜி, அறுபது விருந்தாளிகள் முன்னால், "இது எங்க அம்மா எனக்குக் கத்துக்கொடுத்தது" என்று சொல்லிவிட்டான். யாசுஜியின் அம்மாவுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். கிண்ணங்களை அடுக்கிய தட்டோடு நின்றிருந்த ஃபுசாயோ, தட்டைக் கீழே வைத்தாள். மறுநாள் காலை பத்து மணிப் படகில் தீவுக்குப் போனாள். திரும்பும் படகில் ஏறவில்லை.

தீவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. யாசுஜிக்குத் தண்ணீர்மேல் தலை சுற்றும். கரையோரத்து அன்னப்பறவை வடிவ மிதிபடகில் உட்கார்ந்தாலே வாந்தி எடுப்பான். குளியல் தொட்டியில்கூட ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பான். "ஏதாவது சொல்லணும்னா இங்க வந்து சொல்லட்டும்" என்றாள் ஃபுசாயோ. கோயிலில் தாயத்து விற்க ஆள் தேவைப்பட்டது. அவள் அங்கேயே தங்கினாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

இருபத்தாறு வருஷம் போயிற்று.

அத்தனை வருஷமும் அவர்களுக்கு நடுவில் வார்த்தைகளைச் சுமந்துகொண்டு போய்வந்தவன் கிசாகு, தீவுக்குப் போகும் ஒரே படகின் ஓட்டுநர். படகின் பெயர் சூறாவளி. அதன் உச்ச வேகம், நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்தப் போகிறவரின் வேகம். கிசாகு கல்யாணம் செய்துகொள்ளாதவன், குறைவாகப் பேசுகிறவன். படித்துறையில் யாசுஜி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவான், தீவில் ஃபுசாயோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவான், வாரம் இரண்டு முறை.

அப்புறம், ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, அழுக்குத் தண்ணீரை ஊற்றுவதற்காகக் கடையின் பின்கதவைத் திறந்த யாசுஜி, எதிரே பாறையையும் பைன் மரங்களையும் பார்த்தான். தீவு வந்திருந்தது. பேருந்து நிலையத்தில் பேருந்து பின்னோக்கி வந்து நிற்பதைப்போல, முகத்தை ஏரி நடுவுக்குத் திருப்பி, பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி, கடைக்குப் பதினொரு மீட்டர் தள்ளி நின்றிருந்தது. நூறு வருஷமாக மாட்டின் முகத்தைப் பார்த்துப் பழகிய நாகிசே, அன்றிலிருந்து அதன் பிட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. எட்டு மணிக்குள் ஊர் கூடிவிட்டது. கரையோர வெந்நீர் ஊற்றுத் தொட்டியில் காலை ஊறவைத்துக்கொண்டு நாள் பூராவும் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆண்கள், அந்த ஊரின் நிஜமான மன்றம் அவர்கள்தான், வழக்கமாகக் கிழக்கே பார்த்து உட்கார்கிறவர்கள், அன்று மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள். அதுதான் முதல் மாற்றம். "கிட்டத்துல பார்த்தா சின்னதாத்தான் இருக்கு" என்றார் ஒருவர். "எல்லாமே அப்படித்தான்" என்றார் இன்னொருவர். பல்கலைக்கழகத்திலிருந்து நிலவியல்காரர்கள் வந்து நான்கு நாள் துளை போட்டு, தீவு ஏரியின் அடிப்பாறையோடு உறுதியாக ஒட்டியிருக்கிறது, எப்போதும் இதே இடத்தில்தான் ஒட்டியிருந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, சாறு குடித்துவிட்டுப் போனார்கள். நீர்க்காகங்கள் கார்களின்மேல் எச்சமிட்டன. மக்கள் காருக்குக் குடை பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நகராட்சியின் சுற்றுலா அதிகாரி ஒனோதெரா அம்மையார்தான் உண்மையிலேயே கஷ்டப்பட்டார். பன் அச்சுகளை மாட்டு முகத்திலிருந்து எந்தப் பாகத்துக்கு மாற்றுவது என்று மூன்று கூட்டம் போட்டார். கடைசியில் வால் வைத்த ஒரு வட்டமான பன் முடிவாயிற்று. ருசி அதேதான் என்றாலும் எல்லோரும் அதை மறுபக்கமாகத் திருப்பி வைத்துத்தான் சாப்பிட்டார்கள். கோட்டையில் மைக்கில் பேசும் பெண், "இடதுபுறம் தெரிவது உஷிஜிமா" என்ற வாக்கியத்தை, "இடதுபுறம் தெரிவது ஏரி, உஷிஜிமாவைப் பார்க்கக் கீழே குனியவும்" என்று மாற்றிக்கொண்டாள். அக்கரையில் இருக்கும் கிதாசே என்ற சிறிய ஊருக்கு மட்டும் இது நஷ்டம் இல்லை. இத்தனை காலம் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவர்களுக்கு, தூரத்தில் என்றாலும், முகம் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைக்கு நான் திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் முக்கியமானது அங்கேதான் நடந்தது.

பின்கதவைத் திறந்த யாசுஜி, வாளியோடு நின்றான். எதிரே, பதினொரு மீட்டரில், ஃபுசாயோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரச்சட்டையை மெதுவாக உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, இருபத்தாறு வருஷத்துக்குப் பின் முதல் வார்த்தையாக, கொஞ்சம் கனிவோடேயே சொன்னாள்:

"இருமல் இப்ப இல்லை."

"எந்த இருமல்?" என்றான் யாசுஜி.

"நீதானே கேட்டனுப்பினே. வாராவாரம்."

யாசுஜிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளே இறங்கி வந்து பேசுகிறாள் என்பதால் அவனும் இறங்கி வந்தான். "எனக்கும் முழங்கால் பரவாயில்லை" என்றான்.

"எந்த முழங்கால்?"

"நீதானே கேட்டனுப்பினே. மழைக்காலத்துல வலிக்குதா, துணி சுத்திக்கிறியான்னு."

"நான் எதுக்கு உன் முழங்காலைப் பத்திக் கேட்கணும்? உன் சாறு பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு படகுல வர்றவங்க சொல்றாங்க, அதைப்போய்ச் சொல்லுன்னு அனுப்பினேன். போன வாரம்கூட அனுப்பினேன்."

"பாத்திரம் கழுவின தண்ணியா? நான் என்ன சொல்லியனுப்பினேன் தெரியுமா? அந்தத் தீவுலயே காக்கா எச்சத்துல ஊறிக் கிடன்னு சொல்லியனுப்பினேன்!"

"எப்ப?"

"எப்பவும்!"

தொட்டியில் கால் ஊறவைத்திருந்தவர்கள் ஒருவர்கூடக் காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம், அவர்கள் இருவரும் தாங்கள் இருபத்தாறு வருஷமாக நிஜத்தில் சொல்லியனுப்பிய வசவுகளை ஒவ்வொன்றாக நேரில் சொல்லிக்கொண்டார்கள். சிலதில் கற்பனை வளம் நன்றாகவே இருந்தது. ஃபுசாயோ அவன் மூக்கைப் பற்றிச் சொன்ன ஒன்றுக்கு, தொட்டியில் இருந்தவர்கள் தண்ணீரைக் காலால் அடித்துப் பாராட்டினார்கள். பிறகு இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு, ஒரே நேரத்தில், இருவரும் படித்துறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே கிசாகு, போக இடமில்லாத சூறாவளியின் பித்தளைக் கைப்பிடியைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

யாசுஜிதான் முதலில் போனான், கையில் வாளியோடு. "என் முழங்காலைப் பத்திக் கேட்டது யாரு?"

"நான்தான்" என்றான் கிசாகு.

"இருபத்தாறு வருஷமாவா?"

"ஆமா."

யாசுஜி வாளியைத் தூக்கினான், இறக்கினான். "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றான் கடைசியில், கோபமாக. "படி ஏறினா மட்டும் லேசா." திரும்பிக் கடைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். முதல் தடவை ஃபுசாயோவின் வசவைச் சுமந்துகொண்டு வந்தபோது, படித்துறையில் யாசுஜி நிற்பதை கிசாகு தூரத்திலிருந்தே பார்த்தான். ஒரு காலில் எடை போடாமல், தூக்கம் கெட்ட முகத்தோடு நின்றிருந்தான். அந்த முகத்திடம் பாத்திரம் கழுவின தண்ணீர் என்று சொல்ல கிசாகுவின் வாய்க்கு வரவில்லை. "முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க" என்றது வாய். திரும்பிப் போகும்போது, அவள் கோயில் வாசலில் இருமிக்கொண்டு நின்றாள். ஊறிக் கிடக்கச் சொன்னான் என்று எப்படிச் சொல்வது? அப்படி ஆரம்பித்தது. அப்புறம் நிறுத்த வழி தெரியவில்லை.

ஃபுசாயோவைப் பார்க்க கிசாகுவுக்குப் பத்து நாள் பிடித்தது. அதற்குள் நகராட்சி ஒரு தற்காலிகப் பலகைப் பாலம் போட்டிருந்தது. அவன் அதில் நடந்துபோய், தாயத்துக் கடை முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனான். அவள் திட்டவில்லை. தாயத்துகளை அடுக்கிக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"அவன் சொன்னதை அப்படியே வந்து நீ சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாத்தியா?"

"நீங்க மனசு உடைஞ்சிருப்பீங்க, ஃபுசாயோ-சான்" என்றான், மரியாதை குறையாமல்.

"ரெண்டாவது மாசமே கரைக்கு வந்து அவனைக் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு, ரயில் ஏறிப் போயிருப்பேன். எனக்கு முப்பத்திரண்டு வயசு. எந்த ஊர்லயாவது ஒரு கடை போட்டிருப்பேன். என் சாறு என் பேர்ல இருந்திருக்கும்." அவள் கையில் இருந்த தாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருமல் எப்படின்னு கேக்கறானே, இன்னும் கொஞ்ச நாள்ல வந்து மன்னிப்புக் கேப்பான், அதுவரை இருப்போம்னு இருந்தேன். வருஷாவருஷம் இருந்தேன். அங்க அவனும் அதேதான் நினைச்சிருக்கான். இவ இறங்கி வர்றா, இன்னும் ஆறு மாசத்துல வந்துடுவான்னு. நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லியே எங்க ரெண்டு பேரையும் கட்டிப்போட்டுட்டே, கிசாகு."

கிசாகு பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்காக வார்த்தைகளை உண்டுபண்ணிய அந்த வாயில், தனக்கென்று ஒன்றுகூட இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்றான். பிறகு போய்விட்டான்.

ஊர் அவனைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தது. வெந்நீர்த் தொட்டியில் கிசாகு கட்சி வலதுபக்கமும் உண்மைக் கட்சி இடதுபக்கமும் கால் வைத்தார்கள். வீட்டில் பெண்டாட்டி சொன்னதாக அம்மாவிடம் நல்ல வார்த்தை சொல்லிவைத்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் அந்த வாரம் முகம் வெளுத்துத் திரிந்தார்கள். ஒனோதெரா அம்மையார் கிசாகுவைக் கூப்பிட்டு, பாலத்தின் வாயிலில் சீருடையோடு நின்று பயணிகளை வணங்கும் வேலை தருவதாகச் சொன்னார். அவன் வேண்டாம் என்றான். தினமும் காலை பத்து மணிக்கு, ஆளே இல்லாத சூறாவளியை எடுத்துக்கொண்டு, தீவு முன்பு இருந்த இடத்துக்குப் போய், "உஷிஜிமா வந்துவிட்டது, இறங்கும்போது தலையைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒலிபெருக்கியில் வெறும் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, பதினைந்து நிமிஷம் நின்று திரும்பினான். அதைப் பார்ப்பதற்கென்றே கரையில் கூட்டம் வந்தது. ஒனோதெரா அம்மையார் அதையும் சுற்றுலாக் கையேட்டில் சேர்த்துவிட்டார்.

ஜூன் மாதம் நிரந்தரப் பாலம் தயாரானது. மேயர் கத்தரிக்கோலோடு வந்தார், பள்ளி வாத்தியக்குழு வந்தது, ஊர்வலத்துப் பிரபு வேஷக்காரர் கிண்ணத்தோடு வந்தார். மேயர் நாடாவை வெட்டுவதற்குக் கையை நீட்டும்போது, யாசுஜி அவரைத் தள்ளிவிட்டு, நாடாவுக்கு அடியில் குனிந்து பாலத்தில் ஏறினான். கையில் ஒரு பெரிய மரப்பலகை. பாலம் உறுதியானதுதான், ஆனால் அடியில் தண்ணீர் தெரிந்தது. மூன்றாவது மீட்டரில் அவன் முகம் பச்சையாயிற்று, ஆறாவதில் கண்ணை மூடிக்கொண்டான், ஒன்பதாவதில் கைப்பிடிக்கு வெளியே தலையை நீட்டி, வாத்தியக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, காலை உணவு முழுவதையும் ஏரிக்குக் கொடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை மண்டிபோட்டுத் தவழ்ந்து கடந்தான். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கோயில் வாசலில் ஃபுசாயோ நின்றிருந்தாள். யாசுஜி எழுந்து, பலகையை அவள் பக்கம் திருப்பினான். கடையின் பெயர்ப்பலகைதான் அது. பழைய எழுத்தை இழைத்துத் தள்ளிவிட்டு, புதிதாக 'ஃபுசாயோவின் சாறு' என்று அவனே கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

"எங்க அம்மாவுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது" என்றான். மைக் இல்லை, ஆனாலும் கரைவரை கேட்கும்படி கத்தித்தான் சொன்னான். "அது உன்னோடது. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

ஃபுசாயோ பலகையை வாங்கி, எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அதை விழ விடவில்லை.

"பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கே" என்றாள்.

"வர்றியா?"

"இல்லை."

யாசுஜி தலையாட்டினான். அதை அவன் எதிர்பார்த்திருந்தான் போலிருந்தது. "அப்ப சாறுல ஆரஞ்சுத் தோலை எப்பப் போடணும்னாவது சொல்லு" என்றான். "இருபத்தாறு வருஷமா எனக்கு அது சரியா வரலை."

"அடுப்பை அணைச்ச அப்புறம்" என்றாள் அவள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவர்களுடைய கல்யாணம் முடிவுக்கு வந்தது அப்போதுதான். சண்டையும் அப்போதுதான் முடிந்தது. அவன் திரும்பிப் போகும்போது பிரபு வேஷக்காரர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அதற்குப் பிறகுதான் மேயர் நாடாவை வெட்டினார், யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஃபுசாயோ ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக நாகிசேயின் தெருவில் கால் வைத்தாள். சாப்பாட்டுக் கடையைத் தாண்டி, வெந்நீர்த் தொட்டியைத் தாண்டி, இரண்டு கட்சிகளும் ஒன்றாக வாயைப் பிளந்து பார்க்க, நேராகப் படித்துறைக்குப் போய், சூறாவளியின் முன்வரிசை இருக்கையில் உட்கார்ந்தாள். மணி பத்து ஆவதற்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கிசாகு ஐந்து நிமிஷமும் காத்திருந்துதான் படகை எடுத்தான்.

தீவு இருந்த இடம் வந்தது. அன்று கிசாகு ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தை நிறுத்தினான். சுற்றிலும் மலைகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன.

"இன்னிக்கு யாரும் எதுவும் சொல்லியனுப்பலை" என்றாள் ஃபுசாயோ. "நீ என்ன சொல்றே?"

கிசாகு யோசித்தான். அறுபத்துமூன்று வயது முழுவதையும் தோண்டிப் பார்த்து யோசித்தான். ஒரு மீன் துள்ளி விழுந்தது. வட்டங்கள் விரிந்து அடங்கின.

"பசிக்குது" என்றான்.

ஃபுசாயோ சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு ஆடும்படி சிரித்தாள். பிறகு அக்கரையைக் காட்டினாள். "தினமும் சாயங்காலம் அங்க ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது என்ன?"

"நூடுல்ஸ் கடை. சுமார்தான்."

"போ."

"அந்தப் பக்கம் போக எனக்கு உரிமம் இல்லை, ஃபுசாயோ-சான். தீவுவரைக்கும்தான்."

"தீவு எங்க இருக்கு, காட்டு பாக்கலாம்."

கிசாகு நாலாபக்கமும் தண்ணீரைப் பார்த்தான். இயந்திரத்தை முடுக்கி, முப்பது வருஷமாகத் திருப்பாத பக்கம் சுக்கானைத் திருப்பினான். நாய் உலாத்தும் வேகத்தில் ஏரியின் மிச்ச அகலத்தைக் கடக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. கிதாசேயின் படித்துறையில் படகை எங்கே கட்டுவதென்று தெரியாமல், ஒரு மீன்பிடிக் கம்பத்தில் கட்டிவிட்டுக் கடைக்குள் போனார்கள். நூடுல்ஸ் நிஜமாகவே சுமார். ஃபுசாயோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு தூக்கல் என்று கடைக்காரரிடமே சொன்னாள். நாளைக்கு வந்து சாறு எப்படி வைப்பதென்று காட்டட்டுமா என்று கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏப்ரன் வேண்டுமானால் அங்கே தொங்குகிறது, இன்றைக்கே காட்டலாம் என்றார்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டே அவள் திரும்பினாள். கிசாகு காலிக் கிண்ணத்தின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் ஃபுசாயோ. முடிச்சை இறுக்கினாள். "நாளைக்கும் பத்து மணிப் படகுக்கு வர்றேன். பசிக்குதுங்கறதைவிட நல்லதா ஏதாவது யோசிச்சு வை."